எதிர்பாராத இடத்தில் ஒரு பெயர்: கேட் புஷ் ரசிகர்களின் நாற்பத்தைந்து வருடக் கதை

ஒரு பாடகர் மேல் பைத்தியமாக இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஏதோ ஒரு நாவலைப் படித்துக்கொண்டிருப்பார்கள். கதாநாயகியின் அறையில் அந்தப் பாடகரின் இசைத்தட்டு கிடந்தது என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான்! புத்தகத்தை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு நண்பருக்குத் தகவல் சொல்ல ஓடுவார்கள். ஒரு படம் பார்க்கும்போது பின்னணியில் பத்து விநாடி அந்தக் குரல் கேட்டாலும் இதே கதைதான். கதை மறந்துபோகும், அந்தப் பத்து விநாடி மறக்காது.

மற்றவர்களுக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதே பாடகரின் பெயர் இசை விமர்சனத்திலோ விளம்பரத்திலோ வந்தால் இந்தத் துள்ளல் வருவதில்லை. அங்கே பெயர் வருவது இயல்பு. சம்பந்தமே இல்லாத இடத்தில் வரும்போதுதான் மனசு குதிக்கிறது. ஏனென்றால் அங்கே அந்தப் பெயரை யாரும் காசு கொடுத்து வைக்கவில்லை. எழுதியவருக்கும் அந்தப் பாட்டு பிடிக்கும் என்று அர்த்தம். "நமக்கு மட்டும்தான் இது பிடித்திருக்கிறது போல" என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, முகம் தெரியாத ஒரு கூட்டாளி கிடைத்துவிடுகிறார்.

இந்தப் பழக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைப் பார்க்க நல்ல உதாரணம் இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ். காரணம், அவர் அடிக்கடி காணாமல் போகிறவர். ஒருமுறை பன்னிரண்டு வருடம் புதிய ஆல்பம் எதுவும் வரவில்லை. அந்த மாதிரி நேரத்தில் ரசிகர்களுக்குக் கிடைத்ததெல்லாம் இப்படி அங்கும் இங்கும் சிதறி வந்த குறிப்புகள்தான்.

ஒரு நாவலிலிருந்து வந்த பாட்டு

கேட் புஷ் பிறந்தது 1958 ஜூலை 30. ஊர், லண்டனை ஒட்டிய கென்ட் மாவட்டத்தில் பெக்ஸ்லிஹீத். அப்பா டாக்டர். சிறு வயதிலேயே பியானோ வாசித்துப் பாட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். அவர் பதிவு செய்த பாட்டுகள் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோரின் காதுக்குப் போக, அவர் உதவியால் ஈ.எம்.ஐ. நிறுவனம் கேட்டை ஒப்பந்தம் செய்தது.

"வுதரிங் ஹைட்ஸ்" நாவலை பி.பி.சி. 1967-ல் தொலைக்காட்சித் தொடராக எடுத்திருந்தது. அதன் கடைசிச் சில நிமிடங்களை மட்டும் கேட் பார்த்திருந்தார். இறந்துபோன கேத்தி ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சும் காட்சி மனதில் தங்கிவிட்டது. அதை வைத்து ஒரு பாட்டு எழுதினார். நாவலை எழுதிய எமிலி ப்ரான்ட்டியின் பிறந்த நாளும் ஜூலை 30 என்று தெரிய வந்தது. எமிலி பிறந்தது 1818-ல், கேட் பிறந்தது 140 வருடம் கழித்து!

முதல் பாட்டாக வேறொன்றை வெளியிடலாம் என்றது நிறுவனம். பத்தொன்பது வயதுப் பெண் பிடிவாதமாக நின்றார், இதுதான் வர வேண்டும் என்றார். 1978 ஜனவரியில் பாட்டு வெளியானது. மார்ச்சில் ஆபா குழுவைக் கீழே தள்ளி பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம். நான்கு வாரம் அங்கேயே இருந்தது. தானே எழுதிய பாட்டோடு ஒரு பெண் பாடகி அங்கே முதலிடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பாட்டே ஒரு "எதிர்பாராத குறிப்பு"தான். 1847-ல் வந்த ஒரு நாவலின் பெயர் பாப் பட்டியலில் வரும் என்று யார் நினைத்தார்கள்? நாவலை ஏற்கனவே நேசித்தவர்கள் ரேடியோவில் கேத்தியின் பெயரைக் கேட்டபோது, மேலே சொன்ன அதே துள்ளல்தான் அவர்களுக்கும் இருந்திருக்கும்.

ரசிகர்களுக்கு அவர் கொடுத்த வீட்டுப்பாடம்

கேட் புஷ்ஷின் பாட்டுகளில் பல, அவர் பார்த்த படத்திலிருந்தோ படித்த புத்தகத்திலிருந்தோ வந்தவை. ஆனால் எங்கிருந்து வந்தது என்று எல்லா நேரமும் உறையில் எழுதியிருக்காது. ரசிகர்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

1980-ல் வந்த ஆல்பத்தில் "தி இன்ஃபன்ட் கிஸ்" என்று ஒரு பாட்டு. அது 1961-ல் வந்த "தி இன்னசன்ட்ஸ்" என்ற பேய்ப் படத்தின் கதை. 1985-ல் வந்த "ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்" பாட்டின் தொடக்கத்தில் ஓர் ஆண் குரல் பயந்துபோய்க் கத்தும். அது 1957-ல் வந்த "நைட் ஆஃப் தி டீமன்" படத்தின் வசனம். பாட்டை நூறு தடவை கேட்ட ஒருவர், நடுராத்திரியில் தொலைக்காட்சியில் அந்தப் பழைய படத்தைப் பார்க்கும்போது திடீரென்று அந்தக் குரல் வந்தால் எப்படி இருக்கும்! தூக்கம் போய்விடாதா?

அதே ஆல்பத்தில் "ஹலோ எர்த்" பாட்டின் நடுவே ஆண்கள் சேர்ந்து பாடும் ஒரு பகுதி வரும். அது ஜார்ஜியா நாட்டின் நாட்டுப்புறப் பாட்டு. வெர்னர் ஹெர்சோக் 1979-ல் எடுத்த "நோஸ்ஃபெராட்டு" படத்தில் அதைக் கேட்டுத்தான் கேட் எடுத்துக்கொண்டார். கேட் புஷ் ரசிகராக இருந்து ஹெர்சோக் படம் பார்க்கப் போனவர்களும் உண்டு, ஹெர்சோக் ரசிகராக இருந்து கேட் புஷ்ஷிடம் வந்தவர்களும் உண்டு.

எல்லாவற்றிலும் சுவையானது "கிளவுட்பஸ்டிங்" பாட்டின் கதை. வில்ஹெல்ம் ரைக் என்ற மனோதத்துவ அறிஞர், மேகத்தைப் பார்த்துக் குழாய்களை நீட்டி மழை வரவழைக்க முடியும் என்று ஓர் இயந்திரம் செய்தார். அவரை அமெரிக்க அரசு கைது செய்தது, 1957-ல் சிறையிலேயே இறந்தார். சிறுவனாக இருந்து இதையெல்லாம் பார்த்த மகன் பீட்டர் ரைக், 1973-ல் "எ புக் ஆஃப் டிரீம்ஸ்" என்ற புத்தகம் எழுதினார். கேட் அதை ஒரு கடையில் தற்செயலாக எடுத்துப் படித்து, பிறகு பாட்டாக்கினார். வீடியோவில் அப்பாவாக நடித்தவர் ஹாலிவுட் நடிகர் டொனால்ட் சதர்லேண்ட், மகனாக நடித்தது கேட். அதில் ஒரு காட்சியில் மகன் அப்பாவின் கோட்டுப் பையிலிருந்து ஒரு புத்தகத்தை உருவுவான். அது பீட்டர் ரைக்கின் அதே புத்தகம்! அதைக் கவனித்த ரசிகர்கள் பழைய புத்தகக் கடைகளில் அதைத் தேட ஆரம்பித்தார்கள். அச்சில் இல்லாத புத்தகம் என்பதால் விலை எகிறியது.

அதாவது குறிப்புகளைத் தேடும் பழக்கத்தை ரசிகர்களுக்குக் கற்றுக் கொடுத்ததே கேட் புஷ்தான் என்று சொல்லலாம். அவர் மற்றவர்களின் படைப்பைத் தன் பாட்டில் ஒளித்து வைத்தார். ரசிகர்கள் அவரை மற்றவர்களின் படைப்பில் தேடினார்கள்.

கிண்டலும் ஒரு கணக்கில் வரும்

ஆரம்ப காலத்தில் வந்த குறிப்புகளில் பல கிண்டல்தான். உச்ச ஸ்தாயிக் குரல், அகலத் திறந்த கண், காற்றில் அலையும் கைகள். நகைச்சுவை நடிகர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1979 முதல் 1982 வரை பி.பி.சி.யில் ஓடிய "நாட் தி நைன் ஓ'கிளாக் நியூஸ்" நிகழ்ச்சியில் பமேலா ஸ்டீபன்சன் கேட் போலவே வேஷம் போட்டு ஒரு பாட்டே பாடினார்.

ரசிகர்களுக்குக் கோபம் வந்திருக்கும்தான். ஆனால் கிண்டல் செய்வதற்கும் பார்ப்பவர்களுக்கு ஆள் யார் என்று தெரிந்திருக்க வேண்டுமே! யாருக்கும் தெரியாத ஒருவரை யாரும் கிண்டல் செய்ய மாட்டார்கள். அந்தக் கிண்டல்களைக்கூட கேசட்டில் பதிவு செய்து வைத்துக்கொண்டவர்கள் உண்டு.

1982-ல் "ஹோம்கிரவுண்ட்" என்ற ரசிகர் இதழ் தொடங்கியது. பத்திரிகையாளர்கள் நடத்தியது அல்ல, ரசிகர்களே தட்டச்சு செய்து, படம் ஒட்டி, தபாலில் அனுப்பியது. எந்த நாட்டில் எந்தப் பத்திரிகையில் கேட் பற்றி வந்தது, யார் அவருடைய பாட்டை மறுபடி பாடினார்கள் என்ற தகவலெல்லாம் இப்படிப்பட்ட இதழ்களில்தான் ஓரிடத்தில் சேர்ந்தன. அமெரிக்காவில் கேட் புஷ் என்றால் யார் என்றே பலருக்குத் தெரியாத காலம் அது. அங்கே பாட் பெனடார் 1980-ல் தன் ஆல்பத்தில் "வுதரிங் ஹைட்ஸ்" பாட்டைப் பாடியிருந்தார். அதைக் கேட்டு, "இதை முதலில் பாடியது யார்?" என்று தேடிப் போனவர்களுக்கு ஒரு புது உலகமே கிடைத்தது.

1985: பெரிய பாட்டு, ஆனால் உச்சம் இல்லை

1983-ல் கேட் தன் குடும்ப வீட்டை ஒட்டியே ஒரு ஸ்டூடியோ கட்டிக்கொண்டார். மணிக்கணக்கு பார்த்து வாடகை கட்ட வேண்டியதில்லை. அங்கே உருவானதுதான் "ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்" ஆல்பம். அதில் முதல் பாட்டு "ரன்னிங் அப் தட் ஹில்". ஓர் ஆணும் பெண்ணும் ஒருவர் இடத்தில் மற்றவர் நின்று பார்க்க முடிந்தால் எவ்வளவு சண்டை தீரும் என்பதுதான் அதன் கருத்து. கேட் வைத்த தலைப்பில் கடவுள் என்ற சொல் இருந்தது. சில நாடுகளில் ரேடியோவில் போட மாட்டார்கள் என்று நிறுவனம் பயந்ததால் தலைப்பு மாறியது. பிடிவாதக்கார கேட் விட்டுக்கொடுத்த அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

1985 ஆகஸ்டில் வெளியான அந்தப் பாட்டு பிரிட்டனில் 3-ஆம் இடம் வரை போனது. அமெரிக்காவில் 30-ஆம் இடம். இந்த இரண்டு எண்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1988-ல் ஜான் ஹியூஸ் இயக்கிய "ஷி'ஸ் ஹேவிங் எ பேபி" என்ற அமெரிக்கப் படம் வந்தது. பிரசவத்தில் மனைவியின் உயிருக்கு ஆபத்து. வெளியே கணவன் உட்கார்ந்து பழைய நாட்களை நினைக்கிறான். அந்தக் காட்சிக்காகவே கேட் எழுதிக் கொடுத்த பாட்டு "திஸ் உமன்ஸ் வொர்க்". லேசான குடும்பப் படம் என்று தியேட்டருக்குப் போனவர்கள், யார் என்றே தெரியாத ஒரு குரலுக்கு அழுதுவிட்டு வந்தார்கள்.

பன்னிரண்டு வருட மௌனம்

1993 நவம்பரில் "தி ரெட் ஷூஸ்" ஆல்பம் வந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் கேட்டின் அம்மா இறந்திருந்தார். கொஞ்ச நாள் ஓய்வு என்று ஆரம்பித்தது, நீண்டு நீண்டு 2005 வரை போய்விட்டது. புது ஆல்பம் இல்லை. கச்சேரி இல்லை, அது 1979-லேயே நின்றுவிட்டது. பேட்டிகளும் அபூர்வம்.

இந்தக் காலத்தில்தான் சிதறிய குறிப்புகளுக்கு மதிப்பு ஏறியது. சில உதாரணங்கள்:

யூட்டா செயின்ட்ஸ் என்ற நடன இசைக் குழு "கிளவுட்பஸ்டிங்" பாட்டிலிருந்து கேட்டின் குரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்து "சம்திங் குட்" என்ற பாட்டைச் செய்திருந்தது. 1992-ல் பிரிட்டனில் 4-ஆம் இடம் வரை போன அந்தப் பாட்டு அடுத்து வந்த வருடங்களிலும் நடன அரங்குகளில் ஒலித்தது. ஆடியவர்களில் பலருக்கு அது யார் குரல் என்று தெரியாது. தெரிந்த ஒருவர் மட்டும் கூட்டத்தின் நடுவே நின்று சிரித்துக்கொண்டிருப்பார்.

1997-ல் கறுப்பின அமெரிக்கப் பாடகர் மேக்ஸ்வெல், எம்.டி.வி. நிகழ்ச்சியில் "திஸ் உமன்ஸ் வொர்க்" பாட்டை உச்சக் குரலில் பாடினார். அவர் பாடிய வடிவம் 2000-ல் "லவ் அண்ட் பாஸ்கெட்பால்" படத்திலும் வந்தது. அந்தப் பாட்டை மேக்ஸ்வெல்லுடையது என்றே நினைத்து வளர்ந்த ஒரு தலைமுறை அமெரிக்காவில் இருக்கிறது.

1999-ல் ஸ்டீவ் கூகன் தன் புகழ்பெற்ற ஆலன் பார்ட்ரிட்ஜ் வேஷத்தில், காமிக் ரிலீஃப் நிகழ்ச்சி மேடையில் கேட்டின் பாட்டுகளை வரிசையாகப் பாடினார். பழைய கிண்டலுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அத்தனை பாட்டும் மனப்பாடமாகத் தெரியாமல் அதைச் செய்ய முடியாது. கிண்டல் செய்கிறவரே ரசிகர் ஆகிவிட்ட காலம் அது.

2004-ல் ஜான் மெண்டல்சன் எழுதிய ஒரு நாவலின் பெயரே "வெயிட்டிங் ஃபார் கேட் புஷ்". கேட் புஷ்ஷுக்காகக் காத்திருத்தல்! காத்திருப்பது புத்தகத் தலைப்பாகும் அளவுக்கு நிலைமை போயிருந்தது.

2005 தொடக்கத்தில் ஃபியூச்சர்ஹெட்ஸ் என்ற இளைஞர் குழு "ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்" பாட்டை கிடார் அதிர மறுபடி பாடி பிரிட்டனில் 8-ஆம் இடத்துக்கு வந்தது. கேட் ஒரு வார்த்தை பேசாமலேயே அவருடைய பாட்டு மறுபடி ரேடியோவில் ஓடியது.

ஒரு குறிப்பு கசப்பானபோது

ஆனால் எல்லாக் குறிப்பும் இனிப்பல்ல. இந்தக் கதையில் யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

2000-ல் பீட்டர் கேப்ரியல் ஒரு பேட்டி கொடுத்தார். 1986-ல் "டோன்ட் கிவ் அப்" பாட்டைக் கேட்டோடு சேர்ந்து பாடியவர், நெருங்கிய நண்பர். பேச்சுவாக்கில் கேட் இப்போது ஒரு தாய் என்பதைச் சொல்லிவிட்டார். மகன் பிறந்தது 1998-ல். அதுவரை வெளியுலகத்துக்கு அது தெரியாது! நண்பர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் பத்திரிகைகள் விடுமா? "ரகசியக் குழந்தை" என்று செய்தி போட்டன. மறைந்து வாழும் விசித்திரப் பெண் என்று ஏற்கனவே ஒரு கதை கட்டி வைத்திருந்தார்கள், அதற்கு இது தீனி ஆனது.

இதுவும் எதிர்பாராத இடத்தில் வந்த ஒரு குறிப்புதான். வருடக்கணக்கில் ஒரு செய்திக்காக ஏங்கிய ரசிகருக்கு இது பெரிய புதையல். ஆனால் அந்தச் செய்தி ரசிகருக்காகச் சொல்லப்பட்டது இல்லை. ஒரு தாய் தன் பிள்ளை சாதாரணமாக வளர வேண்டும் என்று பொத்தி வைத்திருந்தது. பிற்பாடு கேட் பேட்டிகளில் சொன்னதும் அதைத்தான். தான் ஒளிந்து வாழவில்லை, பிள்ளையை வளர்த்துக்கொண்டு சாதாரண வாழ்க்கை வாழ்ந்தேன் என்றார்.

பாட்டு எங்கே ஒலிக்கிறது என்று தேடுவது வேறு. பாடியவர் எந்த வீட்டில் எப்படி வாழ்கிறார் என்று தேடுவது வேறு. இரண்டுக்கும் ஊக்கம் ஒன்றுதான், அதே ஏக்கம்தான். அதனாலேயே கோடு எங்கே என்று ரசிகர் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. மௌனமாக இருக்கும் கலைஞரின் ரசிகர்களுக்கு இந்தக் கேள்வி மற்றவர்களைவிடக் கூர்மையாக வந்து நிற்கும்.

2005 நவம்பரில் "ஏரியல்" ஆல்பம் வந்தது. அதில் மகனைப் பற்றி அவரே ஒரு பாட்டு பாடியிருந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் தானே சொன்னார்!

அதே ஆல்பத்தில் "பை" என்று ஒரு பாட்டு. கணிதத்தில் வரும் பை எண்ணின் இலக்கங்களை வரிசையாகப் பாடுகிறார். இசைப் பக்கத்தில் வர வேண்டிய பெயர் கணிதக்காரர்களின் பேச்சிலும் அடிபட்டது. இலக்கங்களைச் சரிபார்த்தவர்கள், நடுவில் இருபதுக்கும் மேற்பட்ட இலக்கங்களை அவர் தாண்டிப் போய்விட்டார் என்று கண்டுபிடித்தார்கள். இப்படியும் கேட்கிற ரசிகர்கள்!

இன்னொரு கசப்பு 2016-ல். கனடாவின் "மெக்லீன்ஸ்" இதழுக்குக் கொடுத்த பேட்டியில், பிரிட்டனின் அப்போதைய பிரதமர் தெரசா மே பற்றி நல்லவிதமாக ஓரிரு வார்த்தை சொன்னார். அடுத்த நாள் அரசியல் பக்கத்தில் கேட் புஷ் பெயர். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் ரசிகர்களில் பலர் நொந்துபோனார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் கழித்து, 2019 ஜனவரியில், தான் கன்சர்வேட்டிவ் கட்சி ஆதரவாளர் இல்லை என்று கேட் விளக்கம் எழுதினார். ஒரு பெண் பதவியில் இருப்பதைப் பற்றித்தான் பேசினாராம். வேறு பக்கத்தில் போய் விழுந்த ஒரு சொல் இவ்வளவு நாள் துரத்தும்!

மேடைக்குத் திரும்பியவர்

2014 மார்ச்சில் கேட் கச்சேரி செய்யப் போகிறார் என்று அறிவிப்பு வந்தது. 35 வருடம் கழித்து! லண்டன் ஹேமர்ஸ்மித்தில் ஆகஸ்ட் 26 முதல் அக்டோபர் 1 வரை 22 இரவுகள். டிக்கெட் முழுவதும் கால் மணி நேரத்துக்குள் விற்றுத் தீர்ந்தது. அந்த ஆகஸ்டு கடைசியில் அவருடைய 8 ஆல்பங்கள் ஒரே நேரத்தில் பிரிட்டனின் முதல் 40-க்குள் இருந்தன. எந்தப் பெண் பாடகிக்கும் அதுவரை அப்படி நடந்ததில்லை.

செல்போனில் படம் எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். கிடைத்த ஒவ்வொரு துண்டையும் சேர்த்து வைத்தே பழகிய கூட்டம் அது. இந்தத் தடவை பையில் வைத்த போனை எடுக்காமல் பாட்டைக் கேட்டது.

2018-ல் எமிலி ப்ரான்ட்டியின் 200-ஆவது பிறந்த ஆண்டு. ப்ரான்ட்டி சகோதரிகள் வாழ்ந்த யார்க்‌ஷயர் பகுதியில், தார்ன்டனுக்கும் ஹாவர்த்துக்கும் இடைப்பட்ட வெளியில் கவிதை பொறித்த கற்களை நிறுவினார்கள். எமிலிக்கான கவிதையை எழுதியவர் கேட் புஷ். நாற்பது வருடத்துக்கு முன்னால் எமிலியின் கதையைத் தன் பாட்டில் கொண்டுவந்தவரின் வார்த்தைகள், இப்போது எமிலியின் மண்ணில் கல்லில் நிற்கின்றன. மலை ஏறப் போகிற யாரோ ஒருவர் மூச்சு வாங்க நின்று அந்தப் பெயரைப் பார்த்துத் திகைக்கக்கூடும்.

2022: உலகமே கண்டுபிடித்த நாள்

2022 மே 27 அன்று நெட்ஃபிளிக்ஸில் "ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்" தொடரின் நான்காவது சீசன் வந்தது. கதை நடப்பது 1986-ல். மேக்ஸ் என்ற பள்ளி மாணவி, அண்ணனைப் பறிகொடுத்த துக்கத்தில் யாரிடமும் பேசாமல், வாக்மேனில் எந்நேரமும் "ரன்னிங் அப் தட் ஹில்" கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு தீய சக்தி அவளைப் பிடித்துக்கொள்கிறது. அவளுக்கு மிகவும் பிடித்த பாட்டைக் கேட்க வைத்தால்தான் அவள் பிழைப்பாள். நண்பர்கள் அலறி அடித்துக்கொண்டு கேசட்டுகளுக்குள் தேடுகிறார்கள். அவளுக்குப் பிடித்த பாட்டு எது என்று ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் காதில் பாட்டை வைக்கிறார்கள், அவள் தப்பித்து ஓடி வருகிறாள்.

ரசிகர்கள் இதைப் பார்த்து ஏன் அழுதார்கள் என்று சொல்லவே வேண்டாம். பின்னணியில் பத்து விநாடி ஒலித்தாலே கொண்டாடுகிறவர்கள் அவர்கள். இங்கே அந்தப் பாட்டு ஓர் உயிரையே காப்பாற்றுகிறது!

கேட் பொதுவாகத் தன் பாட்டை யாருக்கும் எளிதில் கொடுப்பவர் அல்ல. பாட்டு எந்தக் காட்சியில் எப்படி வரும் என்று பார்த்த பிறகே சம்மதித்தார். அவர் வீட்டிலும் அந்தத் தொடரைப் பார்க்கிறவர்கள்தானாம்.

அதன் பிறகு நடந்தது தெரிந்ததுதான். 2022 ஜூன் 17 அன்று பாட்டு பிரிட்டனில் முதலிடம். 1985-ல் 3-ஆம் இடத்தில் நின்றது, 37 வருடம் கழித்து உச்சிக்கு வந்தது. அவருடைய முதல் முதலிடத்துக்கும் இதற்கும் இடையில் 44 வருடம். அப்போது அவருக்கு வயது 63. மூன்றுமே அப்போது பிரிட்டிஷ் பட்டியலில் சாதனை, வயது மட்டும் பெண் பாடகிகள் கணக்கில். அமெரிக்காவில் 30-ல் நின்ற பாட்டு இப்போது 3-ஆம் இடம் வரை போனது.

ஒரு தொலைக்காட்சித் தொடர் செய்த மாயம் என்று பலர் எழுதினார்கள். முழு உண்மை அல்ல. நடுவில் இருந்ததையும் பார்க்க வேண்டும். 2003-ல் பிளசீபோ குழு இதே பாட்டை மெதுவாக, இருட்டாகப் பாடியது. 2006-ல் "தி ஓ.சி." என்ற அமெரிக்கத் தொடரின் நான்காவது சீசன் தொடக்கத்தில் அந்த வடிவம் வந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக் நிறைவு விழாவில் கேட் பாடியதன் புது வடிவம் ஒலித்து, அந்த வாரம் பாட்டு மறுபடி பிரிட்டனின் முதல் பத்துக்குள் வந்தது. ஒவ்வொரு தடவையும் யாரோ சிலர், "இது என்ன பாட்டு?" என்று கேட்டார்கள். பக்கத்தில் இருந்த ஒரு ரசிகர் பதில் சொன்னார். 2022-ல் கேட்டவர்கள் கோடிக்கணக்கில், அவ்வளவுதான் வித்தியாசம்.

யாருடைய பாட்டு?

பழைய ரசிகர்களில் சிலருக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன வருத்தம் இருந்ததையும் மறைக்கக் கூடாது. நாற்பது வருடமாகப் பொத்திப் பாதுகாத்த பாட்டு, இப்போது பதினைந்து வயதுப் பிள்ளைகள் எல்லாருடைய போனிலும். இனி அந்தப் பெயரை எங்கே பார்த்தாலும் ஆச்சரியம் இல்லை. எதிர்பாராத இடம் என்று எதுவுமே மிச்சமில்லை!

ஆனால் கேட் அப்படி நினைக்கவில்லை. அந்த ஜூனில் பி.பி.சி. ரேடியோவின் "உமன்ஸ் ஹவர்" நிகழ்ச்சிக்குப் பேட்டி கொடுத்தார். அவர் பேட்டி கொடுத்தே வருடக்கணக்கு ஆகியிருந்தது. தன்னை முதல் தடவையாகக் கேட்கிற இளம் பிள்ளைகளைப் பற்றித்தான் அதில் அதிக சந்தோஷமாகப் பேசினார்.

2023-ல் அவரை அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழரங்கத்தில் சேர்த்தார்கள். வழக்கம்போல அவர் போகவில்லை. மேடையில் அவரை அறிமுகம் செய்து பேசியவர் அட்லாண்டாவைச் சேர்ந்த ராப் பாடகர் பிக் பாய். சிறு வயதில் தன் மாமா மூலம் கேட் புஷ் பாட்டைக் கேட்டு, அதிலேயே விழுந்தவர். வருடக்கணக்காக, ராப் பற்றிக் கேட்கப் போன பேட்டிகளில்கூட கேட் புஷ் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தவர். எதிர்பாராத இடத்தில் வந்து விழும் குறிப்பு என்றால் இவரைவிட நல்ல உதாரணம் கிடையாது.

கடைசியில் பார்த்தால், ஒரு பாட்டு நாற்பது வருடம் உயிரோடு இருந்ததற்கு விளம்பரம் மட்டும் காரணம் அல்ல, பாடியவரின் உழைப்பு மட்டும்கூட அல்ல. கிண்டல் செய்த நடிகை, துண்டு வெட்டிய நடனக் குழு, மாற்றிப் பாடிய மேக்ஸ்வெல், மருமகனுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டிய ஒரு மாமா, இவர்கள் எல்லாரும் அதைக் கை மாற்றி விட்டிருக்கிறார்கள். அந்த ஒவ்வொரு கையையும் கவனித்து எழுதி வைத்தவர்கள் ரசிகர்கள். மேக்ஸின் நண்பர்கள் செய்ததும் இதைத்தான். அவளுக்குப் பிடித்த பாட்டு எது என்று ஒருவன் ஞாபகம் வைத்திருந்தான்.